அணை நிரம்பியும் குழாயில் ஏன் தண்ணீர் இல்லை? நீராறு முதல் பல்லடம் வரை

பல்லடம் பக்கத்தில் இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "பரம்பிக்குளம், ஆழியாறு, சிறுவாணி எல்லாம் நிரம்பிவிட்டது என்று செய்தி வருகிறது. ஆனால் கோயமுத்தூரில் என் அக்கா வீட்டுக்குக் குடிநீர் பத்து நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது. எங்கள் நாலு ஏக்கர் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டம்) நான்காம் மண்டலம். அங்கேயும் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவைதான் முறை. மலையில் திருப்பிக் கொண்டுவரும் தண்ணீர் எல்லாம் எங்கே போகிறது? ஆனைமலையாறு, நல்லாறு அணைகளைக் கட்டினால் தீர்ந்துவிடுமா? நாலு ஏக்கருக்கும் தென்னை வைக்கலாமா?"

வாய்க்கால் வேலையிலேயே என் பாதி ஆயுள் போயிற்று. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். தென்னையைப் பற்றிக் கடைசியில் வருகிறேன், ஏனென்றால் அதற்கான பதில் மற்ற கேள்விகளுக்குள்தான் இருக்கிறது.

முதலில் உங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரும் வழியைப் பாருங்கள். வால்பாறைக்கு மேலே சின்னக்கல்லாறு பக்கம் ஆடியில் மழை கொட்டுகிறது. அந்தத் தண்ணீரின் இயல்பு மேற்கே ஓடிக் கேரளத்தில் கடலில் சேர்வது. அதை நீராற்றில் மறித்து, சுரங்கம் வழியாகச் சோலையாறு அணைக்குக் கொண்டுவருகிறோம். சோலையாற்றில் இருந்து மின்சாரம் எடுத்துக்கொண்டு பரம்பிக்குளத்துக்கு விடுகிறோம். அங்கிருந்து இன்னொரு சுரங்கம், தூணக்கடவு. பக்கத்துப் பெருவாரிப்பள்ளமும் அதோடு சேர்ந்துகொள்கிறது. தூணக்கடவில் இருந்து மலையைக் குடைந்து சர்க்கார்பதி மின்நிலையத்தில் வந்து விழுகிறது. அதற்கப்புறம் மலையின் இடுப்பைச் சுற்றி 49 கிலோமீட்டர் ஓடும் காண்டூர் கால்வாய், திருமூர்த்தி அணை, அங்கிருந்து பிரதானக் கால்வாய், கிளைக் கால்வாய், பகிர்மானக் கால்வாய், உங்கள் மடை. சர்க்கார்பதியில் இருந்து ஒரு கிளை ஆழியாறு அணைக்கும் போகிறது.

இத்தனை படிகளில் ஒன்று சிக்கினாலும் கீழே உள்ள எல்லாம் நின்றுவிடும். பரம்பிக்குளம் அணை 72 அடி, கொள்ளளவு சுமார் 17.8 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கனஅடி). திருமூர்த்தி அணை 60 அடி, கொள்ளளவு 2 டி.எம்.சி.கூட முழுசாக இல்லை. பெரிய அண்டா மலைமேல் இருக்கிறது, நாம் மொண்டு குடிக்கும் சொம்பு அடிவாரத்தில் இருக்கிறது. நடுவில் இருப்பது ஒரு கால்வாய். அந்தக் கால்வாயில் நொடிக்கு 1,000 கனஅடி இரவும் பகலும் ஓடினால் ஒரு டி.எம்.சி. சேர பதினொன்றரை நாள் ஆகும். காலித் திருமூர்த்தியை நிரப்ப மூன்று வாரத்துக்கு மேல் வேண்டும். அதனால் "பரம்பிக்குளம் நிரம்பியது" என்ற செய்தியைப் பார்த்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, காண்டூரில் இன்றைக்கு எத்தனை கனஅடி ஓடுகிறது என்பதுதான். தண்ணீர் இருக்கிறதா என்பதைவிட, தேவைப்படும் மாதத்தில் தேவைப்படும் வேகத்தில் அது வந்து சேருமா என்பதுதான் திருப்பிவிடப்பட்ட ஆற்றின் முழுக் கணக்கும்.

காண்டூர் கால்வாயில் மழைக்காலத்தில் நடந்து பார்த்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். ஒரு பக்கம் செங்குத்தான மலை, மறுபக்கம் பள்ளம். மேலே இருந்து பாறை உருண்டு விழும், மண் சரிந்து கால்வாயை மூடும். ஒரு ஐப்பசியில் அப்படி ஒரு பாறையை அகற்ற, வாய்க்காலைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர்களோடு அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு விடிய விடிய நின்றது இன்னும் நினைவில் இருக்கிறது. யானை வரும் இடம் அது. அன்றைக்குத் தண்ணீரை நிறுத்தி, சரிசெய்து, திரும்ப விடுவதற்குள் கீழே ஒரு சுற்று, அதாவது ஒரு தவணைத் தண்ணீர், தள்ளிப்போய்விட்டது. கடைமடையில் இருந்தவர்களுக்கு மலையில் பாறை விழுந்த கதை எப்படித் தெரியும்? அவர்கள் பார்த்தது காய்ந்த மக்காச்சோளத்தைத்தான்.

2022 செப்டம்பர் 21 அன்று பரம்பிக்குளம் அணையின் மூன்று ஷட்டர்களில் ஒன்று சங்கிலி அறுந்து பெயர்ந்து போனது. நொடிக்கு 20,000 கனஅடியை ஒட்டிய வெள்ளம் சாலக்குடி ஆற்றில் போய்ச் சேர்ந்தது. ஷட்டரின் அடிமட்டத்துக்கு நீர் இறங்கும்வரை நிறுத்த வழியில்லை. தண்ணீரைத் திருப்ப ஐம்பது வருடமாகச் செலவழித்த உழைப்பு, ஒரு ராத்திரியில் அதன் பழைய வழிக்கே திரும்பிப் போவதைப் பார்க்க மனசு ஆறவில்லை. புது அணை கட்டுவதற்குக் காட்டும் ஆர்வத்தில் கால்பங்கை இருக்கிற ஷட்டர், சங்கிலி, சுரங்கக் கதவு பராமரிப்பில் காட்ட வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

அடுத்து, அந்தத் தண்ணீர் முழுக்க நம்முடையது கிடையாது. பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் மூன்றும் கேரள எல்லைக்குள் இருக்கின்றன. இயக்குவதும் பராமரிப்பதும் தமிழ்நாடு. 1970 மே 29 அன்று கையெழுத்தான ஒப்பந்தம், 1958 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கணக்கு. அதன்படி ஒவ்வொரு நீர் ஆண்டிலும், அதாவது ஜூலை 1 முதல் ஜூன் 30க்குள், மணக்கடவில் 7.25 டி.எம்.சி. பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர்ப்புழை ஆற்றுக்கும், சோலையாறு வழியாக 12.3 டி.எம்.சி. கேரளச் சோலையாற்றுக்கும் கொடுக்க வேண்டும். மேல் நீராற்றுத் தண்ணீரை அக்டோபர் முதல் ஜனவரி வரை நாம் திருப்பக்கூடாது. கேரளச் சோலையாறு அணை பிப்ரவரி 1 அன்றும் செப்டம்பர் 1 அன்றும் நிறைந்திருக்க வேண்டும். இந்தத் தேதிகளை எல்லாம் மனப்பாடமாக வைத்துக்கொண்டுதான் அணைப் பொறியாளர் மதகைத் திறக்கிறார். சித்தூர் விவசாயியும் நம்மைப் போலவே வானத்தைப் பார்ப்பவர்தான். அவர் பங்கைக் குறைகூறி நம் வயல் நனையப் போவதில்லை.

சரி, மண்டலக் கணக்குக்கு வருவோம். பி.ஏ.பி. திருமூர்த்திப் பாசனம் மொத்தம் சுமார் 3.77 லட்சம் ஏக்கர். ஆரம்பத்தில் இவ்வளவு இல்லை. 1990களில் ஆயக்கட்டை, அதாவது பாசன நிலப்பரப்பை, கூட்டி நான்கு மண்டலமாகப் பிரித்தார்கள். ஒரு மண்டலம் 94,000 ஏக்கரை ஒட்டி வரும். ஒரு நேரத்தில் ஒரு மண்டலத்துக்குத்தான் தண்ணீர், அதுவும் நாலரை மாதம். நிலம் கூடியது, மலைத் தண்ணீர் கூடவில்லை. அதனால்தான் உங்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை.

ஒரு பருவத்துக்கு ஒதுக்குவது பத்து டி.எம்.சி.யை ஒட்டி, ஐந்து சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுக்கு இரண்டு டி.எம்.சி. அதை 94,000 ஏக்கருக்குப் பரப்பினால், அணையின் வாயில் அளந்தபடி அரை அடி உயரம் வரும். வயலில் மூன்று அங்குலம் நின்றால் ஒரு நல்ல நனைப்பு. அதற்கு ஒரு டி.எம்.சி. போதும். மிச்சம் ஒன்று வழித்தேவை. நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடும் வாய்க்காலில் கசிவு, வெயில், மோட்டார் வைத்து உறிஞ்சுவது எல்லாம் அதில் அடங்கும். உறிஞ்சுவது கூடக்கூட வெள்ளக்கோவில், காங்கயம் கடைமடைக்கு வருவது குறையும். அந்தப் பக்கத்து விவசாயிகள் பல வருடமாகத் தெருவில் இறங்கிப் போராடுவது இந்தக் கணக்குக்காகத்தான். தலைமடைக்காரர் திருட்டாக இழுக்கும் ஒவ்வொரு அங்குலமும் கடைமடையில் ஒருவரின் மாட்டுத் தீவனம்.

கசிவைப் பற்றி மட்டும் அவசரப்பட்டு முடிவெடுக்காதீர்கள். கொங்கு நாட்டில் வாய்க்கால் கசிவு வீணாகப் போவதில்லை, பக்கத்துக் கிணற்றுக்குப் போகிறது. கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் தளம் போடும் திட்டம் வந்தபோது ஒரு சாரார் வேண்டும் என்றும் ஒரு சாரார் கூடவே கூடாது என்றும் நின்றார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. கடைமடைக்குத் தண்ணீர் போய்ச்சேர தளம் உதவும். வாய்க்காலுக்குக் கீழே உள்ள ஆயிரக்கணக்கான கிணறுகள் அதே தளத்தால் வற்றும். என் கருத்து: காண்டூர் மாதிரி மலைமேல் ஓடும் கால்வாயில் ஒரு சொட்டும் கசியவிடக்கூடாது, ஏனென்றால் அது பள்ளத்துக்குப் போய்விடும். சமவெளிக் கால்வாயில் உடைப்பெடுக்கும் இடங்களையும் மதகுகளையும் பலப்படுத்தினால் போதும்.

இப்போது உங்கள் அக்கா வீட்டுக் குழாய். குடிநீர்க் கணக்கு பாசனக் கணக்குக்கு நேர் எதிர். அளவு கொஞ்சம், ஆனால் ஒரு நாள்கூடத் தவறக்கூடாது. பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசு வைத்திருக்கும் அளவு. பத்து லட்சம் பேருக்கு நாளொன்றுக்கு 13.5 கோடி லிட்டர். வருடம் முழுக்கக் கூட்டினாலும் ஒன்றேமுக்கால் டி.எம்.சி.தான். உங்கள் மண்டலத்துக்கு ஒரு சுற்றுக்கு விடும் தண்ணீரைவிடக் குறைவு. பத்து லட்சம் பேரின் ஒரு வருடத் தாகம், ஒரு மண்டலத்தின் ஒரு சுற்று. இதை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது நானே இரண்டு தடவை சரிபார்த்தேன்.

அப்படியானால் ஏன் தட்டுப்பாடு? சிறுவாணியையே எடுத்துக்கொள்வோம். கோவைக்குச் சிறுவாணித் தண்ணீர் வந்தது 1929இல். இப்போதுள்ள அணைக்கான ஒப்பந்தம் 1973இல். அணை இருப்பது பாலக்காடு மாவட்டத்தில். மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக, ஒரு மோட்டாரும் இல்லாமல், தன் பாரத்திலேயே அடிவாரத்துக்கு இறங்கி வருகிறது. மின்சாரம் போனாலும் நிற்காத தண்ணீர். கொங்கு நாட்டில் நீரைத் திருப்பியதில் இதைவிட அழகான வேலையை நான் பார்த்ததில்லை.

ஆனால் அந்த அணையின் கொள்ளளவு 650 மில்லியன் கனஅடி. நமக்கு வருடத்துக்கு உரிமையுள்ளது 1.3 டி.எம்.சி., அதாவது அணையைப்போல இரண்டு மடங்கு. அணை வருடத்தில் இரண்டு தடவையாவது நிரம்பி வடிய வேண்டும். ஆனியில் நிரம்புவது கணக்கே இல்லை, மார்கழிவரை திரும்பத் திரும்ப மழை பெய்ய வேண்டும். முழு உயரம் 50 அடி. சில வருடங்களாகப் பாதுகாப்பைக் காரணம் காட்டி 45 அடியோடு கேரளம் நிறுத்திவிடுகிறது. அந்த ஐந்தடியில் இருப்பது சுமார் 122 மில்லியன் கனஅடி. நாளைக்குப் பத்துக் கோடி லிட்டர் எடுத்தால் 34 நாளைக்கு வரும். ஏப்ரல், மே மாதத்தில் கோவையின் மேற்குப் பகுதி திண்டாடும் அந்த ஒரு மாதத் தண்ணீர் ஆடியிலேயே வழிந்தோட விடப்படுகிறது. இந்த விஷயத்தில் அணையின் பலத்தை இரு மாநிலப் பொறியாளர்களும் சேர்ந்து சோதித்து, தேவையான பலப்படுத்தும் வேலையை முடித்து, முழு உயரத்துக்குத் தேக்குவதுதான் எந்தப் புதுத் திட்டத்தையும்விட மலிவான தீர்வு.

பவானியில் இருந்து வரும் பில்லூர்த் தண்ணீருக்கு வேறு சங்கடம். பில்லூர் நூறடி அணை, மின்சாரத்துக்காகக் கட்டியது. நீலகிரியில் இருந்து வரும் சேறு அதில் பெரும்பங்கை அடைத்துக்கொண்டது. மலையில் மண் சரிந்தால் கலங்கல் வரும், சுத்திகரிப்பு நிலையத்தில் வடிகட்ட நேரம் பிடிக்கும், ஊருக்கு அளவு குறையும். மழை கொட்டும் நாளில் குழாய் வறண்டு கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 2024இல் திறந்த மூன்றாம் பில்லூர்த் திட்டம் நாளைக்கு 17.8 கோடி லிட்டர் எடுக்கும் அளவுக்குக் கட்டியது. ஆக, மூலத்தில் கோவைக்கு இன்றைக்குப் பெரிய பஞ்சம் இல்லை.

பத்து நாள் இடைவெளி பெரும்பாலும் ஊருக்குள் உருவாகிறது. மேல்நிலைத் தொட்டிகள் போதாத பகுதிக்கு, இருக்கிற தொட்டியை வைத்து வரிசை முறையில்தான் வால்வு திறக்க முடியும். பழைய குழாயில் கசிவு. பத்து நாளைக்கு ஒருமுறை வருவதால் ஒவ்வொரு வீடும் தரைத்தொட்டி கட்டி, மோட்டார் போட்டு, ஒரே மணி நேரத்தில் எல்லாவற்றையும் உறிஞ்சுகிறது. அதனால் மேட்டு வீடுகளுக்கு அழுத்தம் போவதில்லை. அவர்களுக்காக நேரத்தை நீட்டினால் அடுத்த தெருவின் நாள் தள்ளுகிறது. வாய்க்காலில் கடைமடைக்கு நடப்பதுதான் இங்கே மேட்டுத் தெருவுக்கு நடக்கிறது. அக்காவிடம் சொல்லுங்கள், வார்டில் கேட்க வேண்டிய கேள்வி "அணையில் எவ்வளவு" என்பதாக இருக்க வேண்டாம். "எங்கள் தொட்டிக்கு நேற்று எத்தனை லிட்டர் ஏறியது, எத்தனை வீட்டுக்குப் போனது" என்று கேட்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு எண்ணும் கையில் இருந்தால் கசிவு எங்கே என்று பாதி தெரிந்துவிடும்.

இங்கே ஒரு வருத்தத்தையும் சொல்ல வேண்டும். 2022இல் ஆழியாற்றில் இருந்து ஒட்டன்சத்திரம் பக்கத்துக்குக் குடிநீர் கொண்டுபோகும் திட்டத்தைப் பாசன விவசாயிகள் எதிர்த்துப் போராடினார்கள். குடிக்கத் தண்ணீர் கொடுக்க மனம் இல்லாதவர்கள் என்று வெளியூர்க்காரர்கள் பேசினார்கள். அது சரியில்லை. ஆழியாறு ஏற்கெனவே பொள்ளாச்சிக்கும், கோவையின் தென்பகுதிக்கும், வழிநெடுகக் கிராமங்களுக்கும் குடிநீர் கொடுக்கிறது. விவசாயியின் பயம் வேறு. குடிநீர்ப் பங்கு ஒருமுறை ஏறினால் இறங்காது. நல்ல மழை வருடமோ கெட்ட வருடமோ அது அப்படியே இருக்கும். குறைவது முழுக்கப் பாசனத்தின் தலையில் விழும். அந்தப் பயம் நியாயமானது. ஒவ்வொரு ஜூலையிலும், எந்த அணையில் எந்த ஊருக்கு எவ்வளவு குடிநீர் ஒதுக்கீடு, கோடைக்கு எத்தனை அடி தொடாமல் வைக்கிறோம், மிச்சத்தில் எத்தனை சுற்று என்று எழுத்தில் அறிவித்து, பாசன சபைகளோடு உட்கார்ந்து பேசினால் பாதிச் சண்டை வராது. இன்னொன்று, குடிநீரைத் திறந்த வாய்க்காலில் விடவே கூடாது. ஒரு ஊரின் தேவைக்கு நூறு மைல் வாய்க்காலை நனைத்தால், நனைப்பதற்கே போய்விடும். அணையில் இருந்து நேரடியாகக் குழாயில் எடுப்பதுதான் பாசனக்காரருக்கும் லாபம்.

ஊர் குடித்த தண்ணீரில் முக்கால் பங்குக்கு மேல் சாக்கடையாகத் திரும்பி வருகிறது. அது நொய்யலில் போய்க் கலக்கிறது. சாயக்கழிவால் நொய்யலுக்கும் ஒரத்துப்பாளையம் அணைக்கும் என்ன ஆனது என்று உங்கள் பக்கத்தில் நான் விளக்க வேண்டியதில்லை. சிறுவாணியும் பில்லூரும் பவானியின் தண்ணீர். அதை எடுத்து நொய்யல் கரையில் குடித்துவிட்டு, கெடுத்து நொய்யலில் விடுகிறோம். அதைச் சுத்தம் செய்து ஆலைகளுக்குக் கொடுத்தால், இரண்டாவது ஒரு சிறுவாணி நம் ஊருக்குள்ளேயே கிடைக்கும்.

ஆனைமலையாறு, நல்லாறு பற்றிக் கேட்டீர்கள். கேரளம் இடமலையாறு அணையை முடித்தபின் ஆனைமலையாற்றில் 2.5 டி.எம்.சி. நாம் திருப்பிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தமே சொல்கிறது. இடமலையாறு முடிந்ததா, இல்லையா என்ற விவாதத்திலேயே வருடங்கள் ஓடுகின்றன. நல்லாறு, நீராற்றுத் தண்ணீரைச் சோலையாறு, பரம்பிக்குளம் என்று சுற்றாமல் நேராகத் திருமூர்த்திப் பக்கம் இறக்கும் யோசனை. இரண்டும் கேட்க வேண்டியவை, நியாயமானவை. நல்லாற்றை நான் அதிகம் விரும்புவதற்குக் காரணம், காண்டூரில் பாறை விழுந்தால்கூட இன்னொரு வழி திறந்திருக்கும். ஆனால் 2.5 டி.எம்.சி. முழுதாக வந்தாலும், நான் மேலே போட்ட கணக்கில் ஒரு மண்டலத்துக்கு ஒன்றேகால் சுற்று. இரண்டு வருட முறை ஒரு வருடமாக மாறிவிடாது.

அத்திக்கடவு–அவினாசி 2024 ஆகஸ்டில் திறந்தது. பவானியின் உபரி நீர் 1.5 டி.எம்.சி.யைக் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே இருந்து மோட்டார் வைத்து ஏற்றி 1,045 குளம் குட்டைகளுக்கு விடுகிறார்கள். ஆறு நீரேற்று நிலையங்களின் மின்கட்டணம் வருடாவருடம் இருக்கும், உபரி வராத வருடத்தில் குளமும் காயும். இருந்தும் இந்தத் திட்டத்தை நான் மனதார வரவேற்கிறேன். திருப்பிய தண்ணீரைப் பெரிய அணையில் மட்டும் வைக்காமல் ஊர்க்குளத்தில் வைத்தால் அது நிலத்தடியில் இறங்கி, கிணற்றுக்கு வருகிறது. அதைப் பங்கிட லஸ்கர் வேண்டாம்.

கடைசியில் தென்னை. வாய்க்காலை நம்பி நாலு ஏக்கருக்கும் வைக்காதீர்கள். ஏக்கருக்கு 70 மரம், கோடையில் சொட்டுநீரிலேயே மரத்துக்கு நாளைக்கு 60 லிட்டரை ஒட்டி வேண்டும். நாலு ஏக்கருக்கு நாளொன்றுக்கு 17,000 லிட்டர், உங்கள் முறை இல்லாத ஒன்றரை வருடமும் சேர்த்து. அதைக் கொடுக்க வேண்டியது உங்கள் கிணறுதான். சித்திரைக் கடைசியில் கிணற்றை முழுக்க இறைத்துவிட்டு, மறுநாள் காலைக்குள் எத்தனை அடி ஊறுகிறது என்று மூன்று நாள் அளந்து பாருங்கள். அந்த ஊற்று ஒரு ஏக்கருக்குக் கண்டால் ஒரு ஏக்கர் தென்னை வையுங்கள். இரண்டு ஏக்கரில் முறை வரும் வருடம் மக்காச்சோளமோ நிலக்கடலையோ போடுங்கள், முறை இல்லாத வருடம் மானாவாரியாகச் சோளத்தட்டு. மிச்ச ஒரு ஏக்கரைக் கொறங்காடாக (மேய்ச்சல் நிலமாக) விட்டுக் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலும் நிற்கட்டும். மூலையில் ஒரு பண்ணைக்குட்டை வெட்டி, முறைத் தண்ணீர் வரும் நாட்களில் உங்கள் மடைக்கு உரியதில் மிஞ்சுவதை அதில் விடுங்கள். வெட்டும் முன் உங்கள் பகிர்மானப் பாசன சபையில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், வாய்க்கால் கரையில் இருந்து எவ்வளவு தள்ளி வெட்டலாம் என்பதற்கு விதி இருக்கிறது.